சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

கார்லோ ஜங்ஷன், மனிடோபா
23 அக்டோபர் 1977

அன்புள்ள அண்ணன் நெஸ்டருக்கு,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, ஒல்கா அண்ணியின் இருமல் நின்றதா என்பதை முதலில் கேட்டுவிடுகிறேன். பிறகு கோபத்தில் மறந்துபோவேன். இங்கே எல்லோரும் சுகம். யூர்கோவுக்கு ரயில் யார்டில் ஷிப்ட் மாறிவிட்டது. நாங்கள் இருவரும் விழித்திருக்கும் நேரமே ஒத்துப்போவதில்லை, அதனால் வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது.

கோபம் எதனால் என்று சொல்கிறேன். நம் ஐஸ் திடலுக்கு ஆபத்து வந்திருக்கிறது. நகரசபை உறுப்பினர் பெட்டிக்ரூவை உனக்குத் தெரியும். தண்டவாளத்துக்குத் தெற்கே ஃபர்னிச்சர் கடை வைத்திருந்தானே, அவன்தான். போன வாரம் நம் திடலோரக் கொட்டகைக்கு வந்து, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினான்.

"எதுக்கும்மா இந்தக் குளிர்ல ஆளுக்கொரு நாள் ரப்பர் குழாயால தண்ணி விட்டு ஐஸ் உறைய வச்சுக்கிட்டு விறைச்சுப் போறீங்க? நெடுஞ்சாலைப் பக்கம் கூரை போட்ட அரங்கமே கட்டித் தர்றோம். இந்த நிலத்தை நகரசபைக்கு எழுதிக் குடுத்துட்டு, உங்க கமிட்டியைக் கலைச்சிருங்க. அவ்வளவுதான்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அடுத்த வீட்டு டெல்ஃபின் சும்மா இருப்பாளா?

"அந்த அரங்கத்துச் சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டாள்.

"அதுக்கு ஒரு மேனேஜர் போடுவோம்."

"அப்ப எங்க புள்ளைங்க சறுக்கணும்னா அவர்கிட்ட போய் மனுப் போடணுமா?"

"உங்களுக்கு முன்னுரிமை நேரம் உண்டும்மா."

அண்ணா, தெற்குத் திடலில் நம்மைச் சுற்றுப் பலகைக்கு வெளியே நிற்க வைத்த நாட்களை நான் மறக்கவில்லை. 'உக்ரைன்காரப் பசங்க, கலப்புப் பசங்க, அடுத்த வாரம் வாங்க' என்பார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அதனால்தானே அப்பாவும் மற்றவர்களும் ரயில்வேயிடம் மன்றாடி இந்த நிலத்தைக் கமிட்டி பேரில் வாங்கினார்கள். இங்கே யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இது போனால் என் மகள் நாடியா மறுபடியும் பலகைக்கு வெளியே நிற்பாள்.

நீ எத்தனையோ வருஷம் கமிட்டித் தலைவராக இருந்தவன். உன் சொல்லுக்கு இன்னும் இங்கே மதிப்பு உண்டு. எல்லாக் கடிதத்திலும் இதையே எழுதுகிறாள் என்று சிரிக்காதே. ஊருக்கு வந்துவிடு அண்ணா.

உன் வாயாடித் தங்கை,
பரஸ்கா


லின்க்ஸ் ஏரிச் சுரங்கக் குடியிருப்பு
19 நவம்பர் 1977

அன்புத் தங்கை பரஸ்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம். பதில் எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாகவே நாள் ஓடிவிட்டது. முதுகு அப்படியேதான் இருக்கிறது. இருட்டில் இறங்கி இருட்டில் ஏறுகிறேன், வெயிலைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். ஒல்காவுக்கு இங்கே பேச ஆளில்லை. ரேடியோவோடு சண்டை போடுகிறாள், அதுவும் அவளை மதிப்பதில்லை.

திடல் விஷயம் படித்தேன். அவசரப்படாதே. எந்தக் காரியத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு. யார் யார் உறுதியாக இருக்கிறார்கள், யார் மதில்மேல் பூனை என்று விவரமாக எழுது. தெரிந்தால் நல்லது.

யூர்கோவுக்கும் நாடியாவுக்கும் என் அன்பு.

உன் அண்ணன்,
நெஸ்டர்


கார்லோ ஜங்ஷன்
27 நவம்பர் 1977

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. இரண்டு ஜாடி ஊறவைத்த முட்டைக்கோஸ் அனுப்பியிருக்கிறேன், அண்ணியிடம் கொடு. ரேடியோவுக்குக் கொடுக்க வேண்டாம்.

நீ கேட்ட விவரம். எங்கள் தெரு முழுக்க உறுதி. தடுமாறுகிறவர்கள் மூன்று வீட்டார். கிழவர் ஸ்டாக்குக்கு முழங்கால் வலி, உட்கார்ந்து பார்க்க வெதுவெதுப்பான இடம் இருந்தால் சொர்க்கம் என்கிறார். லாவலி சகோதரர்களுக்கு ஹாக்கிப் பித்து, நல்ல சீருடை கொடுத்தால் சைத்தானுக்காகவும் ஆடுவார்கள். மார்த்தா ஸ்விட்கோவுக்குச் சொந்தமாக ஒரு காண்டீன் நடத்த வேண்டும் என்று ஆசை. இதை நான் டெல்ஃபினிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள்.

இன்னொரு சேதி. திடலைக் கொடுப்பதா வேண்டாமா என்று கமிட்டிக் கூட்டத்தில் வாக்கெடுக்கப் போகிறோம்; அதற்குள் வாக்கெடுப்பு விதியையே மாற்றப் பார்த்தார்கள். ஒரு குளிர்காலமாவது திடலுக்குத் தண்ணீர் விட்டவருக்கு, எங்கே போனாலும், ஆயுள் முழுக்க வாக்கு உண்டு என்பதுதானே நம் சட்டம். 'ஊரைவிட்டுப் போனவங்களுக்கு எதுக்கு வாக்கு?' என்று நம் ஆட்களிலேயே சிலர் கேட்டார்கள். டெல்ஃபினே அவர்களோடு சேர்ந்துகொண்டாள். "இங்க குளிர்றவன்தான் இங்க பேசணும்டி" என்றாள்.

நான் விடவில்லை. "எங்கண்ணன் இந்த ஐஸ் மேல ரெண்டு கால்விரலை உறைபனிக்குக் குடுத்தவன். அவனுக்கு வாக்கு இல்லைன்னா எனக்கும் வேணாம்" என்று மேஜையைத் தட்டினேன். அழுகையும் வந்துவிட்டது. பழைய சட்டமே நின்றது.

ஆக உனக்கு வாக்கு இருக்கிறது. வந்து நின்றால் போதும், பாதி ஊர் உன் பின்னால் வந்துவிடும். வந்துவிடு.

பரஸ்கா


லின்க்ஸ் ஏரி
5 ஜனவரி 1978

பரஸ்காவுக்கு,

கிறிஸ்து பிறந்தார்! நாளை இரவு, நம் பழைய நாட்காட்டிக் கிறிஸ்துமஸுக்கு முந்திய புனித இரவில், உங்கள் விருந்தை நினைத்துக்கொண்டு இங்கே நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம். முட்டைக்கோஸ் வந்தது. ஒல்கா ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அழுதாள். டாக்டர் அவளை இந்த ஊர்க் காற்றில் வைத்திருக்காதே என்கிறார். சொல்வது அவருக்குச் சுலபம்.

கூட்டத்துக்குத் தேதி குறித்தாயிற்றா? குறித்தால் எழுது.

நெஸ்டர்


கார்லோ ஜங்ஷன்
20 ஜனவரி 1978

அன்புள்ள அண்ணா,

உன் வாழ்த்துக்கு என் பதில்: அவரைப் போற்றுவோம்! அண்ணி அழுதாள் என்று படித்ததும் நானும் அழுதேன். அவளை இங்கே கூட்டி வா. எங்கள் முன்னறை உங்களுக்குத்தான். வேலை ஏதாவது கிடைக்காமலா போகும்?

கூட்டம் பிப்ரவரி 12, ஞாயிறு, பூசை முடிந்ததும். வழக்கம்போல ஐஸ் மேலேயே நடக்கும். கொட்டகைப் பக்கம் நின்றால் திடல் நம்முடையது, திடல் நடுவில் உள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டித் தண்டவாளப் பக்கம் நின்றால் நகரசபையுடையது.

ஒரு விசித்திரம் கேள். பெட்டிக்ரூ வேறு யார் வீட்டுக்கும் போகாமல், அந்த மூன்று வீட்டுக்கே நேராகப் போயிருக்கிறான். கிழவர் ஸ்டாக்கிடம் சூடு வரும் நாற்காலி, லாவலி பையன்களிடம் சீருடை, மார்த்தாவிடம் காண்டீன்! நூல் பிடித்தது போலச் சொல்லியிருக்கிறான். சுவருக்கும் காது உண்டு என்பது சரிதான் போலிருக்கிறது. மூன்று வீடும் போய்விட்டது.

ஆனாலும் எண்ணிப் பார்த்தேன், நாம்தான் ஜெயிக்கிறோம். நீயும் வந்து நின்றால் சந்தேகமே இல்லை. சனிக்கிழமை பஸ்ஸுக்கு யூர்கோவை அனுப்புகிறேன். கோஸ் இலைச் சுருட்டு செய்து வைக்கிறேன், காளானோடு, உனக்குப் பிடித்த மாதிரி.

பரஸ்கா


கார்லோ ஜங்ஷன்
14 பிப்ரவரி 1978

நெஸ்டர்,

உடம்பை விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தாய்.

சனிக்கிழமை யூர்கோ கடைசி பஸ் வரைக்கும் காத்திருந்து வெறுங்கையோடு வந்தான். பனியில் பாதை அடைத்திருக்கும் என்று உனக்காக நானே சாக்குச் சொன்னேன். மறுநாள் எல்லோரும் ஐஸ் மேல் கூடியபோது உங்கள் சுரங்கத்து வேன் வந்து நின்றது. நீ இறங்கினாய். கூடவே நம் தெருவில் வளர்ந்து உன் பின்னால் வடக்கே போன ஐந்து பேரும் இறங்கினார்கள். என் நெஞ்சு எப்படி நிறைந்தது தெரியுமா? வழுக்கிக்கொண்டே ஓடி வந்து, "அண்ணா, சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"அப்புறம் பேசலாம்மா" என்றாய். பக்கத்தில் நின்ற பெட்டிக்ரூ உனக்குக் கைகொடுத்தான். எதிரிக்கும் மரியாதை காட்டுகிறவன் என் அண்ணன் என்று அதற்கும் பெருமைப்பட்டேன். முட்டாளுக்குப் புத்தி மூக்குக்குக் கீழே இருந்தாலும் தெரியாது.

பக்கம் பிரியச் சொன்னதும் எல்லோரும் நகர்ந்தார்கள். நீ சிவப்புக் கோட்டைத் தாண்டி அங்கே போய் நின்றாய்.

"ஏ பரஸ்கா, உங்கண்ணன் பக்கம் மாறி நிக்கிறாரு பாரு. ரொம்ப நாளாச்சுல்ல, மறந்திருப்பாரு. கூப்பிடு" என்றாள் டெல்ஃபின்.

நானும் கூப்பிட்டேன். இரண்டு கையையும் தூக்கி, "அண்ணா, இந்தப் பக்கம்! நாம இந்தப் பக்கம்!" என்று கத்தினேன். அங்கிருந்து யாரோ சிரித்தார்கள். நீ உன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதன் பிறகு நம் பக்கத்திலிருந்தே ஒவ்வொருவராக உன்னிடம் நடந்து வந்தார்கள். 'நெஸ்டரே அங்க நிக்கிறான்னா விஷயம் இருக்கும்டா' என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள்.

ஐந்து பேர் வித்தியாசத்தில் தோற்றோம். உன் வேனில் வந்தது மட்டும் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் வாக்கு வாங்கித் தந்தவள் நான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ஊர் பார்க்க மேஜையைத் தட்டிச் செய்திருக்கிறேன்.

மூன்று வீடும் இப்போது விளங்குகிறது. நான் எழுதிய வார்த்தைகளை அப்படியே அவனிடம் கொடுத்திருக்கிறாய். சுவரைப் போய்ச் சந்தேகப்பட்டேன், பாவம்.

வேன் கிளம்பும்போது நம் வீட்டைத் தாண்டித்தான் போயிற்று. நிற்கவில்லை. கோஸ் சுருட்டை டெல்ஃபின் வீட்டு நாய் தின்றது.

பரஸ்கா


லின்க்ஸ் ஏரி
30 மார்ச் 1978

அன்புத் தங்கை பரஸ்காவுக்கு,

நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். ஒல்கா படுக்கையிலேயே இருக்கிறாள்.

நீ நினைப்பது போல இல்லை. அடியில் குளிரூட்டும் குழாய் பதித்த சிமெண்ட் தளம் வரப்போகிறது. அக்டோபரிலிருந்தே ஐஸ் இருக்கும். யாருடைய கால்விரலும் போகாது. இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கும் நல்லதுதானே? பழையதைக் கட்டிக்கொண்டு அழுதால் ஆகுமா?

நேரில் பேச நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. பதில் எழுது.

நெஸ்டர்


தெற்கு நான்காம் தெரு, கார்லோ ஜங்ஷன்
6 ஆகஸ்ட் 1978

பரஸ்காவுக்கு,

மேலே உள்ள முகவரியைப் பார்த்திருப்பாய். வந்துவிட்டோம். நீ எப்போதும் எழுதுவாயே.

ஒல்காவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெயில் காய்கிறாள். பரஸ்கா ஏன் இன்னும் வரவில்லை என்று தினமும் கேட்கிறாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு முறை உன் தெரு முனை வரைக்கும் நடந்து வந்தேன்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டுவதைப் பார்த்துத் தபாலாபீஸ்காரனே சிரித்தான்.

நெஸ்டர்


கார்லோ ஜங்ஷன், தண்டவாளத்துக்கு வடக்கே
29 அக்டோபர் 1978

நெஸ்டர்,

அண்ணிக்கு உடம்பு தேறியதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அரங்கம் திறந்த அன்று போயிருந்தேன். இடுப்பில் சாவிக்கொத்தோடு, சட்டையில் 'மேனேஜர்' என்று தைத்திருக்க, ஐஸ் மெழுகும் வண்டியின் மேல் உட்கார்ந்து வந்தாய். யூர்கோ என்னைப் பார்த்தான். நான் யாரையும் பார்க்கவில்லை. உன் கடிதங்களில் சிமெண்ட் உண்டு, குழாய் உண்டு; இந்தச் சாவியைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

முன்னுரிமை நேரம் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிவிட்டது. முதலில் வாரத்தில் மூன்று மாலை என்றார்கள். பிறகு ஒரு மாலை. இப்போது ஞாயிறு காலை பூசை நேரத்தில்! மற்ற நேரமெல்லாம் தெற்குப் பக்கத்துக் குழுக்களுக்கு. போன வெள்ளிக்கிழமை நாடியாவும் டெல்ஃபினின் பையன்களும் ஸ்கேட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். நீ வந்து, "இன்னைக்கு இல்லடா செல்லம், அடுத்த வாரம் வாங்க" என்றாயாம். நாடியாதான் சொன்னாள். மாமா நல்லவிதமாகத்தான் சொன்னார் என்றும் சொன்னாள்.

டெல்ஃபின் உன்னிடம் சண்டைக்கு வந்தாளாமே. "என் கையில என்ன இருக்கு டெல்ஃபின், மேல கேக்கணும்" என்றாயாம். கையில் இருந்த சாவியைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

ஒல்காவுக்காகச் செய்தாய், புரிகிறது. 'பரஸ்கா, இந்த வேலை கிடைத்தால்தான் அவள் பிழைப்பாள், என்ன செய்யட்டும்?' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது. ஒருவேளை நானே உன் கையைப் பிடித்து அந்தப் பக்கம் நடந்திருப்பேன். நீ கேட்கவில்லை. நான் எழுதியதை வாங்கி, என்னையே ஆயுதமாக்கி, என் கண் முன்னாலேயே செய்தாய்.

ஊருக்கு வா, ஊருக்கு வா என்று எழுதிக்கொண்டே இருந்தேன். எதைக் கொடுத்து வருவாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

பரஸ்கா


தெற்கு நான்காம் தெரு
28 டிசம்பர் 1978

அன்புத் தங்கை பரஸ்காவுக்கு,

எல்லோரும் சுகமா? யூர்கோவுக்குச் சளி என்று கேள்விப்பட்டேன், பார்த்துக்கொள்.

நீங்கள் பழைய நிலத்தில் மறுபடியும் தண்ணீர் விட்டிருப்பது நகரசபைக்குத் தெரிந்துவிட்டது. சுற்றுப் பலகை இல்லை, கொட்டகை இல்லை, எப்படித்தான் ஐஸ் கட்டினீர்களோ. நான் ஒருநாள் ரயில்வே பாலத்திலிருந்து பார்த்தேன். நல்ல ஐஸ்.

அந்த நிலத்தில் லாரிகள் நிறுத்தப்போகிறார்களாம். மணல் போட்டுக் கெடுத்துவிட உத்தரவு. ஐஸ் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். முடியாது என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம், மணலுக்கும் மேனேஜருக்கும் என்றார் பெட்டிக்ரூ.

சொல்லாமல் செய்தேன் என்று எழுதினாய். இந்த முறை சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை வருகிறேன். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்.

இன்னொன்று. ஆறாம் தேதி புனித இரவு விருந்துக்கு எங்களைக் கூப்பிடுவாயா? ஒல்கா கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன்.

நெஸ்டர்


கார்லோ ஜங்ஷன்
3 ஜனவரி 1979

மதிப்பிற்குரிய திரு. நெஸ்டர் கொவ்புஸ் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் இல்லத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யூர்கோவுக்குச் சளி குணமாகிவிட்டது.

முன்கூட்டியே தெரிவித்ததற்கு நன்றி. பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தீர்கள். அவர்கள் கேட்கவில்லை. உங்கள் லாரி வந்தபோது ஓரமாக நின்று பார்த்தார்கள். கல் எறியக் கை ஓங்கிய லாவலி சகோதரர்களில் இளையவனை டெல்ஃபின் கையைப் பிடித்துத் தடுத்தாள். "வேணாம்டா, நம்ம பரஸ்காவோட அண்ணன்டா" என்றாள். நான் அதை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

மணலை வேலையாளிடம் விடாமல் நீங்களே மண்வெட்டி பிடித்துப் போட்டீர்கள். ஒரு மூலைகூட விடவில்லை. வேலையில் என்றைக்கும் குறை வைத்தவர் இல்லை நீங்கள். போகும்போது என் வாசலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினீர்கள். நான் திரைக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

விருந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்காருவோம். பன்னிரண்டு பதார்த்தமும் இருக்கும். ஒல்கா அண்ணிக்கு என் பக்கத்து நாற்காலி.

நீங்களும் வரலாம், கதவைப் பூட்டமாட்டேன். அந்த இரவில் வழிதவறி வரும் அந்நியர் யாராவது இருந்தால் பசியோடு போகக் கூடாது என்று மேஜைக் கோடியில் ஒரு தட்டு அதிகமாக வைப்போம். அங்கே உட்காருங்கள். சூடாகப் பரிமாறுவேன். வழக்கப்படி பெயர் மட்டும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
பரஸ்கா